உப்பு: தேவையான அளவு

"சித்தப்பா, பொன்னிறம்னா எந்தப் பொன்னு?"

புனேயில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், இரவு ஒன்பதரை மணிக்கு என் அண்ணன் மகன் போன் செய்து இப்படிக் கேட்டான். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி வாங்கி வைத்திருந்தான். கூடவே ஒரு சமையல் புத்தகமும் இருந்தது. அது நான் வாங்கிக் கொடுத்தது. அட்டையில் 'புதிதாகச் சமைப்பவர்களுக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி, உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் காசு கொடுத்திருந்தேன்.

வாணலியில் வெங்காயம் நடுவில் கண்ணாடி மாதிரியும் ஓரத்தில் கருகியும் கிடந்தது. போட்டோ அனுப்பச் சொன்னேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே பச்சையாகத் தெரிந்தது.

"வாசனை எப்படிடா இருக்கு?"

"வெங்காய வாசனைதான்."

"பச்சை வாசனை போயிடுச்சா?"

"பச்சை வாசனைன்னா என்ன சித்தப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. நாற்பது வருடமாக அடுப்பங்கரையில் நுழைந்து புறப்படுகிறவன் நான். அந்த வாசனை தெரியும், அது போய்விட்ட கணமும் தெரியும். சொல்லத்தான் தெரியவில்லை. மறுநாள் கடைக்குப் போய் அதே புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் உப்பு தேவையான அளவு, எண்ணெய் தேவையான அளவு, தண்ணீர் தேவையான அளவு. எவ்வளவு தேவை என்று தெரிந்தவனுக்கு இந்தப் புத்தகமே தேவையில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

சமையலே தெரியாத ஒருவருக்கு எந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது என்பது பார்க்கச் சின்னக் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் பெரிய கேள்வி ஒன்று நிற்கிறது. சமையலைப் புத்தகத்தால் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியாது என்று சொன்னவர்களில் முக்கியமானவர் சமையல்காரர் அல்ல, அரசியல் தத்துவப் பேராசிரியர். 1951 மார்ச்சில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொறுப்பேற்றபோது மைக்கேல் ஓக்‌ஷாட் அரசியல் கல்வியைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். நடுவே சமையல் புத்தகத்தை உதாரணத்துக்கு இழுத்தார். சமையல் புத்தகத்திலிருந்து பிறப்பதில்லை; யாரோ ஒருவருக்கு ஏற்கெனவே கைவந்த சமையலின் சுருக்கம்தான் புத்தகம். அதை மட்டுமே நம்பி ஒருவன் அடுப்பைப் பற்றவைத்தால் தொடங்கவே முடியாது, ஏனென்றால் எதை எதிர்பார்ப்பது என்று முன்பே அறிந்தவனிடம்தான் அது வாய் திறக்கும். அவர் வாதத்தின் சாரம் இது. கொள்கைப் புத்தகத்தைப் படித்து நாட்டை ஆளக் கிளம்பியவர்களைச் சாடுவதே அவர் நோக்கம். சமையல் புத்தகத்துக்கு விழுந்தது போகிற போக்கில் விழுந்த அடிதான், ஆனாலும் பலமான அடி.

அதே 1951-இல் சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வெளிவந்தது.

இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் மீனாட்சி அம்மாள். உறவுக்காரப் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதிச் சமையல் குறிப்பு கேட்பதும் அவர் பதில் எழுதுவதுமாக இருந்தது. இதையெல்லாம் புத்தகமாகவே போட்டுவிடு என்று சொன்னவர் உறவினரான கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். அப்படி வந்த புத்தகம் கல்யாணப் பெண்ணின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்து அனுப்பும் பொருளாகி, டெல்லிக்கும் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போனது. ஊரைவிட்டுத் தள்ளிப்போன தலைமுறைக்கு, மாமியாரோ அத்தையோ பக்கத்தில் நிற்காத அடுப்பங்கரையில், அதுதான் துணை.

அப்படியானால் ஓக்‌ஷாட் தோற்றாரா? முழுதாக இல்லை. மீனாட்சி அம்மாளின் வாசகிகள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். வற்றல் குழம்பை ஆயிரம் தடவை சாப்பிட்டவர்கள். அது எந்த நிறத்தில் இருக்கும், சோற்றில் விட்டால் எப்படிப் பரவும், புளிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நாக்குக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது. அந்த இடைவெளியை மட்டும் புத்தகம் நிரப்பினால் போதுமாக இருந்தது. இன்னொன்று, அந்தப் புத்தகத்தின் வேர் கடிதங்களில் இருந்தது. எதிரே ஒருத்தி உண்மையாகவே கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிப் பழகிய கை அது. கேள்வியே கேட்கப்படாமல் எழுதப்படும் புத்தகங்கள்தான் தேவையான அளவில் போய் முட்டிக்கொள்கின்றன.

ஆரம்பநிலைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்று எனக்குப் படுகிறது: அதில் இருப்பது நாம் சாப்பிட்டு வளர்ந்த சாப்பாடா? 'சமைத்துப் பார்' தமிழ்ப் பிராமண வீட்டுச் சமையல். பூண்டு வாசனையோடும் கருவாட்டுக் குழம்போடும் வளர்ந்த ஒரு பையனுக்கு அதைக் கொடுத்தால், அவன் செய்த குழம்பு சரியாக வந்ததா என்று அவனுக்கே தெரியாது. சரிபார்க்க நாக்கில் மூலப்படி இல்லை. புதிய ருசிகளைத் தேடிப்போவது நல்லதுதான், ஆறு மாதம் கழித்து. முதல் புத்தகம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கட்டும்.

கையறிவை எழுத்தில் கடத்துவது அறிவியலாளர்களுக்கே எளிதல்ல. ஹாரி காலின்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், ஒருவகை லேசர் கருவியை ஆய்வகங்கள் எப்படிக் கட்டின என்று ஆராய்ந்து 1974-இல் எழுதினார். வெளியான கட்டுரைகளை மட்டும் வைத்து யாராலும் அதை வேலை செய்யவைக்க முடியவில்லை. ஏற்கெனவே கட்டி முடித்தவர்களோடு பேசிப் பழகியவர்களால்தான் முடிந்தது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், ரவா உப்புமா கட்டி தட்டிப்போனதற்கு ஒருவன் வெட்கப்பட வேண்டியதில்லை.

அளவுகளுக்கு வருவோம். மீனாட்சி அம்மாள் எழுதிய காலத்தில் அளவு என்றால் படி, உழக்கு, ஆழாக்கு. எடை என்றால் பலம், ரூபாய் எடை. ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு ரூபாய் எடை 11.66 கிராம்; மூன்று ரூபாய் எடை ஒரு பலம், அதாவது 35 கிராம். படியும் ஊருக்கு ஊர் மாறும், பட்டணம் படி ஒன்று, மற்ற இடத்துப் படி வேறு. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் வரத் தொடங்கின, 1962 ஏப்ரலில் கட்டாயமாயின. புத்தகம் வெளிவந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் அளவுமொழி சட்டப்படி செத்துப்போனது. பாட்டிகள் கையில் ஆழாக்கு இருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. இன்றைக்கு ஒரு பழைய பதிப்பைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் அறைக்குப் போகிறவனுக்கு உறைக்கும்.

இப்போதைய புத்தகங்கள் 'கப்' என்கின்றன. எந்தக் கப்? அமெரிக்கக் கப் 237 மில்லி, மெட்ரிக் கப் 250. வீட்டில் இருப்பது காபி டம்ளர். டேபிள்ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. சிட்னியில் இருக்கும் தம்பி அங்கே வாங்கிய ஸ்பூனால் மிளகாய்த்தூளை அளந்து போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விழும். நல்ல புத்தகம் முதல் பக்கத்திலேயே தன் கப் எத்தனை மில்லி என்று சொல்லிவிடும். சொல்லாத புத்தகத்தில் குறைந்தபட்சம் ஒரே பாத்திரத்தையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம், விகிதமாவது கெடாது.

'எலுமிச்சை அளவு புளி' என்பது தனிக் கதை. நெல்லிக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு என்று நம் சமையலில் உருண்டைகளின் படிவரிசையே ஒன்று உண்டு. கையால் எடுத்துப் பழகியவர்களுக்கு அது தராசைவிட வசதி. ஆனால் லண்டனுக்குப் படிக்கப் போன பெண் அங்கத்திய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் மஞ்சள் எலுமிச்சையை அளவுகோலாக வைத்தால், நம் ஊர்ப் பழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு புளியைக் கரைத்துவிடுவாள். போதாக்குறைக்குப் புதுப்புளி, பழம்புளி வித்தியாசம் வேறு. 25 கிராம் என்று ஒரு எண் எழுதி, புளி எப்படி இருந்தால் கூட்டுவது, எப்படி இருந்தால் குறைப்பது என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது விஷயம்.

இது நம் பிரச்சினை மட்டுமல்ல. ஆங்கிலப் புத்தகங்களிலும் முட்டை அளவு வெண்ணெய், வாதுமைக்கொட்டை அளவு வெண்ணெய் என்றே ஒரு காலத்தில் இருந்தது. 1845-இல் எலைசா ஆக்டன் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் தனியே எழுதிவைத்தார். 1896-இல் பாஸ்டன் சமையற்பள்ளியின் ஃபேனி ஃபார்மர், ஸ்பூனில் குவித்ததைக் கத்தியால் வழித்துவிட்டுத் தலைதட்டி அளக்கச் சொன்னார். எவ்வளவு சாதாரண யோசனை! ஆனால் அந்த ஒரு வழிப்பில் பாட்டியின் கை புத்தகத்துக்கு இடம் மாறியது. இருவருக்கும் நடுவே 1861-இல் வந்த இசபெல்லா பீட்டனின் பெரிய புத்தகம் பொருள் பட்டியலைக் குறிப்பின் தலைக்குக் கொண்டுபோனது. பார்வைக்கு மிக ஒழுங்கு. ஆனால் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 25; குறிப்புகளில் பலவும் மற்ற புத்தகங்களிலிருந்து, ஆக்டனிடமிருந்தும், எடுத்தவை. பெரிய கேரட்டை ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டேகால் மணி நேரம்வரை வேகவைக்கச் சொல்கிறது அந்தப் புத்தகம். கட்டம் கட்டி எண் போட்டு அச்சிட்டால் மட்டும் குறிப்பு நம்பத் தக்கதாகிவிடாது.

உப்பைக் கணக்குப் பார்த்துவிடுவோம், அதுதான் முதலில் என்னை உறுத்தியது. நான்கு பேருக்கு ஒரு லிட்டர் சாம்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு, ரசம் போன்றவற்றில் எடைக்கு நூற்றில் ஒரு பங்கை ஒட்டி உப்பு இருந்தால் பெரும்பாலோர் நாக்குக்கு ஒத்துவரும். ஒரு லிட்டருக்கு 10 கிராம். தலைதட்டிய டீஸ்பூன் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம். ஆக ஒன்றரை ஸ்பூன் போட்டுவிட்டு, கொதித்து அடங்கியதும் ருசி பார்த்து மேலே போகலாம். கல் உப்பு என்றால் கற்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. அதே ஸ்பூனில் எடை குறையும், கல்லின் பருமனுக்கு ஏற்ப மாறும். இதோடு இன்னொன்றும் உண்டு. நாம் சோற்றில் உப்புப் போடுவதில்லை. அதனால் கரண்டியில் எடுத்துத் தனியே குடித்துப் பார்க்கும்போது சாம்பார் ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும். அப்படியே குடிக்கச் சரியாக இருந்தால் சோற்றில் பிசையும்போது சப்பென்று ஆகிவிடும். இதை எந்தப் பாட்டியும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் எந்தப் பாட்டிக்கும் இது சொல்ல வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. மூன்று நான்கு வரியில் அடங்குகிற சங்கதிக்குத்தான் நாம் தலைமுறை தலைமுறையாகத் 'தேவையான அளவு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அளவு பாதிதான். மறுபாதி பதம். பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம், தக்காளிப் பதம், உருட்டுப் பதம் என்கிறோமே, அவை ஒவ்வொன்றும் ஒரு வெப்பநிலையின் பெயர். ஒற்றைக் கம்பி ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸ். தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மென்மையாக உருளும் பதம் 112 முதல் 116 வரை. நீர் ஆவியாகச் சர்க்கரை செறிந்து கொதிநிலை ஏறுகிறது, அவ்வளவுதான். தெர்மாமீட்டர் இல்லாத சமையலறை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தே அந்த அளவீட்டைச் செய்துகொண்டது. வதங்க, மசிய, குழைய, சுண்ட, தளதளவென்று, நுரை கூடி, எண்ணெய் பிரிந்து என்ற வினையெச்சங்களும் இப்படித்தான், ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். தமிழில் எழுதுகிற சமையல் ஆசிரியருக்குச் சொல் பஞ்சமே இல்லை. அந்தச் சொல் தெரியாத வாசகன் எதிரே இருக்கிறான் என்ற நினைப்புக்குத்தான் பஞ்சம்.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் புத்தகத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பது: துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துக்கொள்ளவும். கழுவுவதா, எத்தனை முறை? ஊறவைப்பதா? தண்ணீர் எத்தனை பங்கு? குக்கர் என்றால் எத்தனை விசில்? விசில் என்பது நேரத்தின் அளவு இல்லை. பெரிய தீயில் மூன்று விசில் சடசடவென வந்துவிடும், சிம்மில் வைத்தால் அதே மூன்றுக்கு இருபது நிமிடம்கூட ஆகலாம். குக்கருக்குள் அழுத்தம் முழுதாக ஏறியபின் நீரின் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி இருக்கும்; பருப்பு அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதே கணக்கு. எனவே முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து எட்டுப் பத்து நிமிடம் என்று எழுதுகிற புத்தகம், நான்கு விசில் என்று எழுதுகிற புத்தகத்தைவிட ஒரு படி மேல். குழைவு என்றால் எது? கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினால் வடிவமே தெரியாமல் நசுங்க வேண்டும். நசுங்கவில்லை என்றால்? பருப்பு பழையதாக இருக்கலாம், போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாக இருக்கலாம், நீங்கள் ஊட்டியில் இருந்துகொண்டு குக்கர் இல்லாமல் வேகவைக்கிறவராக இருக்கலாம், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இல்லை, அவசரப்பட்டுப் புளித்தண்ணீரைப் பருப்போடு சேர்த்துவிட்டிருக்கலாம். பருப்பையும் காயையும் கட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. புளியில் காய் வேகாது என்று வீட்டில் சொல்வது இதைத்தான். முருங்கைக்காயையும் முள்ளங்கியையும் முதலில் வேகவைத்துக்கொள்கிறோம். குழைந்துவிடக் கூடிய வெண்டைக்காயை வதக்கி நேரே புளியில் போடுகிறோம். காரணத்தை ஒருமுறை சொன்னால் அந்த ஒரு வரி இருபது குழம்புக்கு உதவும். ஆரம்பநிலைப் புத்தகத்தில் குறிப்புகள் குறைவாகவும் காரணங்கள் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான். 'முப்பது வகைப் பொரியல்' என்று பத்திரிகைகள் இணைப்புக் கொடுக்கின்றன. முதல் மாதத்தில் ஒருவனுக்குத் தேவை ஒரே ஒரு பொரியல், மற்ற இருபத்தொன்பதும் அதன் பேரப்பிள்ளைகள்.

தாளிப்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, படிக்கும் வேகம். கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, அது சிவந்ததும் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. வாசிக்க ஒரு வரி, நடப்பதற்கு அரை நிமிடம். கடுகு வெடித்தபின் புத்தகத்தைப் பார்த்து, உளுந்து டப்பாவைத் தேடி, மூடியைத் திருகித் திறப்பதற்குள் கடுகு கரியாகிவிடும். எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவை என்று சொல்லாத புத்தகம், எழுதியவரின் கை வேகத்துக்கு எழுதப்பட்டது.

இந்தப் பிரச்சினையை அச்சுக்கோப்பிலேயே தீர்க்கப் பார்த்தவர் அமெரிக்காவில் இர்மா ராம்பவர். 1930-இல் கணவர் தற்கொலை செய்துகொண்டபின், செயின்ட் லூயிஸ் நகரில் தன் கைப்பணத்தைப் போட்டு 1931-இல் மூவாயிரம் பிரதிகள் அச்சடித்தார். பெயர் 'தி ஜாய் ஆஃப் குக்கிங்'. தொழில்முறைச் சமையல்காரர் அல்லர், பெரிய கைமணக்காரர் என்ற பெயரும் அவருக்கு இருந்ததில்லை. 1936 பதிப்பில் ஒரு மாற்றம் செய்தார். பொருள்களைத் தனிப் பட்டியலாக அடுக்காமல், எந்த வேலையில் எந்தப் பொருள் விழுகிறதோ அந்த இடத்திலேயே அளவோடு பதித்தார். படித்துக்கொண்டே போனால் சமைத்துக்கொண்டே போகலாம். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் அமெரிக்க வீடுகளின் அங்கமே ஆகிவிட்டது. செயின்ட் லூயிஸிலும் சென்னையிலும், இருபது வருட இடைவெளியில், கணவனை இழந்த இரண்டு பெண்கள். இருவருக்கும் ஹோட்டல் அனுபவம் இல்லை. அனுபவம் மிகுந்த கை தான் செய்வதை மறந்துவிடுகிறது. கொஞ்சம் தடுமாறிக் கற்ற கைக்கு, அல்லது பிறர் தடுமாற்றத்துக்குப் பதில் எழுதிய கைக்கு, ஒவ்வொரு படியும் நினைவிருக்கிறது. நட்சத்திர ஹோட்டல் செஃப்களின் பளபளப்பான புத்தகங்களை ஆரம்பக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்யாததற்கு இதுவே காரணம். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். மறுப்பதற்கில்லை.

1998-இல் டெலியா ஸ்மித் பிபிசி தொலைக்காட்சியிலும் கூடவே வந்த புத்தகத்திலும் முட்டை வேகவைப்பதிலிருந்து தொடங்கினார். பெரிய சமையல்காரர்கள் சிலர் கேலி செய்தார்கள், மக்களை முட்டாளாக்குகிறார் என்றார்கள். ஜனங்கள் வாங்கித் தள்ளினார்கள். நம்மூரில் சோறு வடிப்பதை ஒரு முழு அத்தியாயமாக எழுதத் துணிகிறவர் அரிது. பச்சரிசி, புழுங்கலரிசி, புது அரிசி, பழைய அரிசி ஒவ்வொன்றும் குடிக்கும் தண்ணீர் வேறு. கஞ்சி வடிப்பது வேறு, குக்கரில் வைப்பது வேறு. இதை எழுதினால் யார் வாங்குவார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

நேரத்தைப் பற்றிப் புத்தகங்கள் பொய்யும் சொல்லும். டாம் ஸ்கோக்கா என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2012-இல் இதைக் கையும் களவுமாகப் பிடித்தார். வெங்காயம் நன்றாகப் பழுப்பாக ஐந்து பத்து நிமிடம் போதும் என்று பேர்பெற்ற குறிப்புகளெல்லாம் எழுதுகின்றன. உண்மையில் அரைமணிக்கு மேல் ஆகிறது. அரைமணிக் குழம்பு என்று தலைப்புப் போட்டால்தான் விற்கும், ஆகவே வெங்காயத்தின் நேரத்தை விழுங்கிவிடுகிறார்கள். புனேயில் அன்றிரவு நடந்ததும் இதுதான். ஐந்து நிமிடத்தில் பொன்னிறம் வர வேண்டுமே என்று பையன் தீயைக் கூட்டியிருக்கிறான்.

வீடியோ இருக்கிறதே, புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொன்னிறம் எது என்று வீடியோ காட்டிவிடும், எந்த எழுத்தும் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் வீடியோவிலும் நடு இருபது நிமிடம் வெட்டப்பட்டிருக்கும், வாசனை வராது, மாவு ஒட்டிய விரலால் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இரண்டும் சேர்ந்தால்தான் சரிவருகிறது: ஒருமுறை பார்ப்பது, பிறகு புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்வது. புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதலாம் என்ற வசதி வேறு இருக்கிறது.

கடையில் நிற்கும்போது நான் இப்போது ரசத்தின் பக்கத்தைத்தான் பிரிக்கிறேன். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், குறிப்பும் சின்னது, கெட்டுப்போவதற்கு ஒரே ஒரு இடம். புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்தபின், பருப்புத் தண்ணீர் விட்டால், அதற்கப்புறம் அது தளதளவென்று கொதிக்கக் கூடாது. மேலே மஞ்சளாக நுரை திரண்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு மூடி எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். நுரையைச் சொல்லியிருந்தால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்கிறேன். 'நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கவும்' என்றிருந்தால் திரும்ப அடுக்கிவிடுகிறேன். பிறகு, எத்தனை பேருக்கு என்று பார்ப்பேன். தனியாக இருக்கிறவன் நான்கு பேர் அளவைப் பாதியாகவும் காலாகவும் வெட்டுவான். பருப்பும் புளியும் வெட்டினபடி குறையும். ஆவியாகிற தண்ணீர் அப்படிக் குறையாது, அது பாத்திரத்தின் வாயகலத்தையும் கொதிக்கிற நேரத்தையும் பொறுத்தது. கால் அளவு ரசத்தைப் பெரிய வாணலியில் வைத்தால் துவையல்தான் மிஞ்சும். ஒருவருக்கு, இருவருக்கு என்றே எழுதிய புத்தகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அபூர்வம். மேடையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத தையலா என்றும் பாருங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு கையில் கரண்டியும் மறுகையில் மூடியுமாக நின்று பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

கடைசியாக, தப்பாகிப்போனால் என்ன செய்வது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? காரம் கூடிவிட்டால், மோர்க்குழம்பு திரிந்துவிட்டால், டிசம்பரில் இட்லி மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்தால்? மாவு புளிக்கச் சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரம் போதும், குளிரில் அதைப்போல இரண்டு மடங்குகூட ஆகும். இரவு முழுவதும் புளிக்கவிடவும் என்று மட்டும் எழுதினால் எந்த ஊர் இரவு என்று கேட்கத் தோன்றுகிறது. தவறைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத புத்தகத்தை எழுதியவர், தான் தவறு செய்ததே இல்லை என்று நம்மை நம்பச் சொல்கிறார்.

அண்ணன் மகனுக்கு வேறு புத்தகம் அனுப்பினேன். மெலிசானது, படங்கள் குறைவு. பழையதையும் அவன் தூக்கிப்போடவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது பையில் அந்தப் பழைய புத்தகம் இருந்தது. சாம்பார் பக்கத்தில் எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை. பொன்னிறம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'டீ கலர், பாலில்லாத டீ இல்லை, பால் டீ' என்று எழுதியிருந்தான். உப்பு தேவையான அளவு என்பதைக் கோடுபோட்டு அடித்துவிட்டு, மேலே 'தூள் உப்பு ஒண்ணே முக்கால் ஸ்பூன்' என்று பென்சிலில்.

அன்றைக்கு அவனே எங்களுக்குச் சாம்பார் வைத்தான். எனக்கு லேசாகக் கரித்தது. அண்ணி ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். அவர் கை உப்பும் அப்படித்தான், முப்பது வருடமாக எனக்குக் கரிக்கும்.